எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி நேரம்

பெவர்லி ஹாட்டனின் வேலை ஒப்பந்தத்தில், வாராந்தர வேலை நேரம் என்ற இடத்துக்கு எதிரே பூஜ்யம் என்று அச்சடித்திருந்தது. கிரிம்ஸ்பி ஊரில் டனக் சலவை நிறுவனத்தில் அந்தப் பூஜ்யத்தை அவள் ஒன்பது வருடமாகப் பார்த்து வந்தாள். ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, ரத்தம் பட்டது ஒரு பக்கம், படாதது ஒரு பக்கம் என்று தள்ளுவது அவள் வேலை. சில வாரம் ஐம்பது மணி நேரம் இருக்கும். சில வாரம் ஒன்பது. சில வாரம் ஒன்றுமே இருக்காது. காலையில் ஃபோன் டிங் என்றால் வேலை உண்டு. கோட்டு மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தபிறகு இன்னொரு டிங் வந்தால் வேலை இல்லை. வீட்டுக்குத் திரும்பிக் கெட்டிலைப் போட்டபிறகு மூன்றாவது டிங் வந்தால், மறுபடி உண்டு. ஏன் தாமதம் என்று அதிலேயே கேட்டிருக்கும்.

அவள் இதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. ஆரம்பத்தில் பட்டிருக்கலாம். ஒன்பது வருடத்தில் அது எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

மார்ச் மாதம் தம்பி கீத்துக்குப் பக்கவாதம் வந்தது. கீத் மீன் லாரி ஓட்டுபவன். கல்யாணம் ஆகி, முறிந்து, தனியாக இருந்தான். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஒன்பது வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில் இனி அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஒரே நிபந்தனை. நாலு மணி நேரத்துக்கு மேல் அவனைத் தனியாக விடக்கூடாது. வேறு யாருமில்லை, அக்கா வீடுதான். அக்கா எப்போது வீட்டில் இருப்பாள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

அதை எழுதிக்கொள்ள ஃபியோனா என்ற சமூகநலப் பணியாளர் மடியில் கணினியோடு கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

"எந்தெந்த நேரம் வீட்ல இருப்பீங்க, பெவர்லி?"

"அது காலைலதான் தெரியும்."

"எந்தக் காலைல?"

"எல்லாக் காலைலயும்."

ஃபியோனா விரல்களைத் தட்டாமல் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஏழு நாளைக்கு ஏழு கட்டம் இருக்கு. வேலைக்காக எத்தனை மணி நேரம் வெளில இருப்பீங்கன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு எண்ணு போடணும்."

"மாறும்னு எழுதிக்கோங்களேன்."

"எழுத்தை இது வாங்காது. எண்ணுதான் வாங்கும்."

"பூஜ்யம் போடுங்க மேடம்" என்றான் கீத், வாயின் ஓடுகிற பாதியால். "அவ வேலைக்கே அதான் போட்டிருக்கான்."

ஃபியோனாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நல்லவள். யோசித்துவிட்டு, "புதுச் சட்டம் வந்திருக்கே, கேள்விப்படலயா?" என்றாள். பூஜ்ய ஒப்பந்தக்காரர்களுக்கு இனி நிறுவனங்கள் நிச்சயமான நேரம் தரவேண்டும், நியாயமான முன்னறிவிப்பு தரவேண்டும். "நீங்க போய்க் கேளுங்க. ஒரே ஒரு தாள். அதை மட்டும் கொண்டுவாங்க. அன்னிக்கே இவரைக் கூட்டிட்டுப் போயிடலாம்."

டனக் நிறுவனத்துக்கும் சட்டம் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். மேசை மேல் பெரிய கேக். அதன்மேல் நீலக் கிரீமில் 'நிச்சயம்' என்று எழுதியிருந்தது. உள்ளே நுழையும் இடத்தில் மேற்பார்வையாளர் ட்ரெவர் நின்று, "கார்டைத் தட்டிட்டு வாங்க, கார்டைத் தட்டிட்டு வாங்க" என்றார். கேக் சாப்பிடுவது வேலை நேரத்தில் சேராது.

மக்கள் மற்றும் மகிழ்ச்சித் துறையின் தலைவி அரபெல்லா ஃபென்விக் லீட்ஸிலிருந்து வந்திருந்தாள். கழுத்தில் மெல்லிய துப்பட்டா, காதில் சின்ன முத்து. பேசும்போது இரண்டு உள்ளங்கைகளையும் மார்பில் வைத்துக்கொள்வாள்.

"உங்கள்ல சிலபேர் இங்க பத்து வருஷமா இருக்கீங்க. இத்தனை காலமும் உங்க சொந்த வாழ்க்கைல நாங்க தலையிட்டதே இல்ல. அடுத்த வாரம் வேலை இருக்கா இல்லையான்னு உங்களுக்கே சொல்லாம இருந்தோம்னா, அது உங்க சுதந்திரத்துக்கு நாங்க கொடுத்த மரியாதை. அந்தச் சுதந்திரத்தை இப்போ அரசாங்கம் குறைக்கச் சொல்லுது. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனாலும் டனக் நிறுவனம் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிக்கும். எங்க வக்கீல்கள் ஆறு மாசமா உக்காந்து படிச்சிருக்காங்க. சட்டம் எதுவரைக்கும் போகுது, எந்த இடத்துல நின்னுடுதுன்னு இஞ்ச் இஞ்சா தெரிஞ்சு வெச்சிருக்கோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கேக் இருந்தது.

ஏற்பாடு இதுதான். பன்னிரண்டு வாரம் ஒவ்வொருவரின் வேலை நேரத்தையும் எண்ணுவார்கள். ஒழுங்காக வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஒழுங்கின்படி நிச்சயமான நேரம் எழுதித் தருவார்கள். பெவர்லி பன்னிரண்டு வாரத்தைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்தாள். வார்டில் கீத்திடம் சொன்னாள். அவன் வலது கையால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

பத்து வாரம் ஃபோன் ஒழுங்காக அடித்தது. பதினோராவது வாரம் அடிக்கவில்லை. திங்கள் அடிக்கவில்லை, செவ்வாய் அடிக்கவில்லை. புதன்கிழமை பெவர்லி கூட வேலை பார்க்கும் மாண்டிக்கு ஃபோன் போட்டாள்.

"எனக்கும் இல்லடீ" என்றாள் மாண்டி. "யாருக்கும் இல்ல. ஸ்கன்தார்ப் கிளைலேர்ந்து பஸ்ல ஆள் வந்து இறங்கியிருக்கு. அவங்களுக்கு இது மூணாவது வாரமாம். அவங்களோட பதினோராவது வாரத்துக்கு நம்மளை அங்க அனுப்புவாங்க."

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. பெவர்லியின் பதினோராவது வாரத்தில் ஒழுங்கு அறுந்துபோயிருப்பதை நிறுவனம் வருத்தத்துடன் கவனித்திருப்பதாகவும், எண்ணிக்கை அடுத்த திங்களிலிருந்து புதிதாகத் தொடங்கும் என்றும், ஓய்வை அவள் நன்றாகக் கழித்திருப்பாள் என நம்புவதாகவும் அதில் இருந்தது. கீழே பூப்போல ஒரு கையெழுத்து.

"அடுத்த பதினோராவது வாரம் எப்ப வருதுன்னு பாரு" என்றாள் மாண்டி. "என் பொண்ணு கல்யாணத்தை அதுல வெச்சுக்கறேன். லீவே கேக்க வேண்டாம்."

பெவர்லி காலண்டரில் பழைய கோடுகளுக்கு மேலேயே புதுக் கோடு போட்டாள். ஆனால் அந்தப் பன்னிரண்டு வாரமும் முடிவதற்குள், பதினோராவது வாரங்களைப் பற்றி எங்கோ யாரோ புகார் எழுதிவிட்டார்கள். அரசாங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒழுங்கை வேண்டுமென்றே அறுக்கக்கூடாது. நிச்சயம் தரவேண்டும். முன்னறிவிப்பும் தரவேண்டும். அரபெல்லாவின் வக்கீல்கள் மறுபடி உட்கார்ந்து படித்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை ட்ரெவர் விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் விரிப்பு இல்லை. தடித்தடியாகப் புத்தகங்கள்.

"ஹாட்டன், பெவர்லி. இந்தா, உன் வேலை நேரம். ரெண்டு கையால பிடி, கனம்."

நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அடுத்த ஒரு வருடத்தின் எல்லா நாளும் அதில் இருந்தது. ஒவ்வொரு நாளிலும் இருபத்து நாலு மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் எதிரே அவள் பெயர். கிறிஸ்துமஸ் அன்றும் இருந்தது. அவள் பிறந்தநாளில், பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பலூன் படம் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அவள் ஒரே நேரத்தில் கிரிம்ஸ்பியிலும் ஸ்கன்தார்ப்பிலும் வேலை பார்க்க வேண்டியிருந்தது.

"இதென்ன ட்ரெவர்?"

"நியாயமான முன்னறிவிப்பு. ஒரு வருஷம் முன்னாடியே சொல்லிட்டோம் பாரு. எந்தக் கம்பெனில சொல்வான்?"

"இவ்வளவு நேரமும் நான் வரணுமா?"

"சேச்சே. வேண்டாத நேரத்தை ரத்து பண்ணுவோம். அதுக்கும் முன்னறிவிப்பு உண்டு. ஒவ்வொரு வியாழக்கிழமையும் லிஸ்ட் வரும். புத்தகத்துல அதையெல்லாம் அடிச்சுட்டா, மிச்சம் இருக்கறதுதான் உன் வேலை." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மிச்சத்தையும் ரத்து பண்ணலாம். அது தனி லிஸ்ட்."

அடிப்பதற்கு ஆளுக்கொரு மஞ்சள் பேனா கொடுத்தார்கள். பெவர்லி வியாழக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அடித்தாள். நூற்று அறுபத்தெட்டு மணியில் நூற்று நாற்பதை அடிக்க அரைமணி ஆகும். முடித்துப் பேனாவை மூடும்போது ஃபோன் டிங் என்னும். வேலை உண்டு, வேலை இல்லை, மறுபடி உண்டு. அது பாட்டுக்கு எப்போதும்போல அடித்துக்கொண்டிருந்தது.

புத்தகத்தைத் தள்ளுவண்டிப் பையில் வைத்து அவள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். ஃபியோனா பக்கங்களைப் புரட்டினாள். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எண்ணு இருக்கு. அதுவரைக்கும் நல்லது." ஏழு கட்டத்திலும் இருபத்து நாலு, இருபத்து நாலு என்று தட்டினாள். கணினி கொஞ்சம் யோசித்தது. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. "நீங்க வீட்டுக்கே வர்றதில்லன்னு சொல்லுது."

"வந்துட்டுதானே இருக்கேன்."

"எனக்குத் தெரியுது. இதுக்குத் தெரியலயே. முன்னாடி பூஜ்யம்னு இருந்தப்பவே போட்டிருக்கலாம், நாள் முழுக்க வீட்ல இருக்கீங்கன்னு எடுத்துக்கிட்டிருக்கும்."

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றான் கீத்.

இரண்டு நாள் கழித்து பெவர்லி வீட்டுக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு வண்ணத் துண்டறிக்கை வந்தது. வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் வேலை பார்ப்பவர்கள் உறக்கத்தில் கவனம் செலுத்த வேண்டும் என்றும், படுக்கப் போகுமுன் காபியைத் தவிர்க்கலாம் என்றும் போட்டிருந்தது. அவள் அதைக் கடைசிவரை படித்தாள். சிரிப்போ அழுகையோ வரும் என்று பார்த்தாள். வரவில்லை. மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தாள். மேசை நின்றது.

மாண்டிதான் நியாய வேலை அலுவலகத்தின் எண்ணைத் தேடிக் கொடுத்தாள். இந்தச் சட்டத்துக்காகவே புதிதாகத் திறந்த அலுவலகம். ஃபோனில் காத்திருந்து நாற்பது நிமிடம் வயலின் கேட்டபிறகு ஓர் ஆள் வந்தான். இளைஞன் இல்லை, குரலில் சளி இருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"இது அப்பட்டமான மீறலுங்க" என்றான். "செவ்வாய்க்கிழமை ரெண்டு ஊர்ல இருக்கீங்கன்னு சொன்னீங்களே, அது ஒண்ணே போதும். உங்க பேரு, பிறந்த தேதி சொல்லுங்க, புகாரை இப்பவே பதிவு பண்ணிடறேன்."

பெவர்லி அவசரமாகப் பெயரைச் சொன்னாள்.

"ஹாட்டன்... ரெண்டு டி போடணுமா? ஒரு நிமிஷம். திரைல ஏதோ வருது." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "ஓ. மதியத்துக்கு மேல அழைப்பு குறைவா இருக்காம். என்னை வீட்டுக்குப் போகச் சொல்றாங்க."

"நான் பேசிட்டிருக்கேனே?"

"நீங்க ஒரு ஆள்தானேம்மா. கணக்குல தெரியாது."

"உங்களுக்கு முன்னறிவிப்பு தரமாட்டாங்களா?"

"இதான் முன்னறிவிப்பு" என்றான் அவன். அதோடு வயலின் திரும்ப வந்தது.

அவள் ஒரு தாளை எடுத்துத் தானே எழுதினாள். எனக்கு அதிகம் வேண்டாம். எந்த நேரமானாலும் சரி, ஒரே நேரமாக இருக்கட்டும். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு என்றால் நல்லது. தம்பி வீட்டுக்கு வரவேண்டும். இப்படிக்கு, பெவர்லி ஹாட்டன், தரம் பிரிக்கும் பகுதி.

அதற்காகக் கூட்டம் வைத்தார்கள். டனக் நிறுவனத்தில் கூட்ட அறைகளுக்கு நல்ல குணங்களின் பெயர் சூட்டியிருந்தது. 'நம்பிக்கை'யில் கூரை ஒழுகியதால் 'அக்கறை'யில் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் அரபெல்லா, கருப்புக் கோட்டு வக்கீல், குறிப்பெடுக்கும் பெண். இன்னொரு பக்கம் பெவர்லியும் அவள் புத்தகமும்.

"நிச்சயம் வேணும்னு கேட்டீங்க, பெவர்லி" என்றாள் அரபெல்லா, உள்ளங்கைகள் மார்பில். "எட்டாயிரத்து எழுநூத்து அறுபது மணி நேரம் கொடுத்தோம். ஒரு வருஷத்துல அவ்வளவுதான் இருக்கு. இருந்திருந்தா இன்னும் கொடுத்திருப்போம். இப்போ அதிகம்ங்கறீங்க. எனக்கு உண்மையாவே புரியல."

"எனக்கு நேரம் வேண்டாங்க. எப்ப வீட்டுக்குப் போகலாம்னு தெரியணும். அவ்வளவுதான்."

அரபெல்லா முன்னால் சாய்ந்து பெவர்லியின் கைமேல் கை வைத்தாள். அன்று அவளுக்குக் களைப்பாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்படிப் பேசியிருக்கமாட்டாள்.

"மனசு விட்டுச் சொல்றேன். எப்ப வீட்டுக்குப் போகலாம்னு தெரிஞ்சவங்க போயிடறாங்க, பெவர்லி. தெரியாதவங்கதான் காத்துட்டிருக்காங்க. விரிப்பு திடீர்னு வரும், திடீர்னு வராம போகும். வர்ற அன்னிக்கு ஆள் வேணும், வராத அன்னிக்கு ஆள் இருக்கவே கூடாது. நீங்க எல்லாரும் கோட்டு மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறீங்க பாருங்க, எங்க தொழிலே அதுமேலதான் நிக்குது. அந்த நிக்கறதுக்கு நாங்க எதுவும் கொடுக்கறதில்ல. கொடுக்க ஆரம்பிச்சா எப்படிங்க முடியும்?"

வக்கீல் இருமினார். குறிப்பெடுக்கும் பெண் அதையெல்லாம் எழுதியிருந்தாள். நல்ல வேகமாக எழுதுகிறவள். வக்கீல் எட்டிப் பார்த்தார், இன்னொரு முறை இருமினார். பிறகு கூட்டத்தை ஐந்து நிமிடம் ஒத்திவைத்தார்கள்.

திரும்பி வந்தபோது அரபெல்லா பெவர்லி பக்கம் பார்க்கவில்லை. வக்கீல்தான் பேசினார். திங்கள் முதல் வெள்ளி, காலை எட்டு முதல் பன்னிரண்டு. எழுத்தில். நிறுவனத்தின் நல்லெண்ணம் காரணமாக. குறிப்பேட்டின் நாலாம் பக்கத்தைப் பற்றி யாரும் எங்கும் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

"சரிங்க" என்றாள் பெவர்லி.

தாளை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஃபியோனா எழுந்து நின்று அவளைக் கட்டிக்கொண்டாள். ஐந்து கட்டத்தில் நாலு, இரண்டு கட்டத்தில் பூஜ்யம். கணினி பச்சையாக மாறியது. இனி ஒரே ஒரு வேலை பாக்கி என்றாள் ஃபியோனா. வீட்டை ஒருவர் வந்து பார்க்கவேண்டும், கதவு அகலம், குளியலறைப் படி இதெல்லாம். வரிசையில் போட்டாயிற்று. ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு.

கீத் கட்டைவிரலைத் தூக்கினான். கொஞ்சம் நேரம் பிடித்துத் தூக்கினான்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, ஒன்பதரை மணிக்கு பெவர்லி மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். அன்று காலை கீத் இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து வழக்கத்தைவிட அதிக விரிப்பு வந்திருந்தது. ஒரேயடியாகப் படுக்கைகளைக் காலி பண்ணியிருக்கிறார்கள் என்று மாண்டி சொன்னாள். அப்போது பெவர்லியின் ஃபோன் அடித்தது. பக்கத்து வீட்டு டெரிக்.

"பெவ், உன் தம்பி உன் வாசப்படில இருக்கான்."

"யாரு?"

"கீத். வண்டில கொண்டுவந்து சக்கர நாற்காலியோட இறக்கிட்டுப் போயிட்டாங்க. மடில ஒரு ப்ளாஸ்டிக் பை. தூறல் வேற போடுது. குடை பிடிச்சுட்டிருக்கேன், என் வீட்டுப் படி ஏத்த முடியல. நீ எப்ப வர?"

அவள் ட்ரெவரிடம் போய்ச் சொன்னாள். ட்ரெவர் நல்ல மனிதர்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடி மாதிரி இருந்தா போ போன்னு நானே அனுப்பியிருப்பேன் கண்ணு. பூஜ்யக்காரங்களை எப்ப வேணா அனுப்பலாம். இது உன் நிச்சய நேரம்." சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டார். அவருக்கும் அது புதிது. "நிச்சயித்த நேரத்தில் பணியிடத்தை விட்டு நீங்கினால், நிச்சயத்தைப் பணியாளரே மறுத்ததாகக் கருதி... பழைய ஒப்பந்தம் திரும்ப வரும்னு போட்டிருக்கு."

"பழைய ஒப்பந்தம்னா?"

"ஆமா" என்றார் ட்ரெவர். "அதான்."

பெவர்லி கையுறைகளைக் கழற்றி மூட்டைமேல் வைத்தாள். மாண்டி பெவர்லியின் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெளியே போகும்போது பெவர்லி கார்டைத் தட்டினாள். இயந்திரம் அவளுக்கு நன்றி சொன்னது.

டெரிக் இன்னும் குடை பிடித்துக்கொண்டிருந்தார், பாதி கீத்துக்கு, பாதி தன் நாய்க்கு. கீத்தின் ஆஸ்பத்திரிக் காலுறைகள் நனைந்திருந்தன. இருவருமாக நாற்காலியைத் தூக்கிப் படியேற்றினார்கள். கதவு அகலம் போதவில்லை. கீத்தைத் தோளில் தாங்கி உள்ளே நடத்தி, அவளுடைய நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"காலைல வந்து, இந்தப் படுக்கை வேணும்னாங்க" என்றான் கீத். "அக்கா வேலைக்குப் போயிருப்பான்னு சொன்னேன். நீங்கதான் வீட்ல இருப்பீங்களேங்கறான். என்கிட்டயே சொல்றான்."

டெரிக் போனார். பெவர்லி டீ போட்டு, பாதிக் கோப்பை ஊற்றி, அவன் வலது கையில் கொடுத்தாள். துண்டை எடுத்துவந்து தரையில் மண்டியிட்டாள். ஃபோன் அடித்தது. ஃபியோனா. குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"பெவர்லி! வரிசை முன்னாடி நகர்ந்துடுச்சு. உங்க வீட்டைப் பாக்க அடுத்த மாசம் பத்தொன்பதாம் தேதி வர்றாங்க. எல்லாம் சரியா இருந்தா கீத்தைக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"கீத் வந்துட்டான்" என்றாள் பெவர்லி.

"இல்லையே, வார்டுலதான் இருக்கார். இதோ, கட்டில் நம்பரோட காட்டுதே. மதியம் அந்தப் பக்கம் போறேன், நானே அவர்கிட்ட சொல்லிடறேன். எவ்வளவு நாளா காத்துட்டிருக்கார் பாவம்."

"இப்பவே சொல்லிடுங்க" என்று பெவர்லி ஃபோனைக் கீத்தின் காதில் வைத்தாள்.

அவன் கேட்டான். தலையை ஆட்டி ஆட்டிக் கடைசிவரை கேட்டான்.

"ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றான். "நான் தயாரா இருக்கேன்."

பெவர்லி ஃபோனைத் தரையில் வைத்துவிட்டு, அவன் இடது காலுறையைக் கழற்றினாள். பாதம் ஐஸாக இருந்தது. துண்டால் சுற்றி, இரண்டு கைகளாலும் தேய்க்க ஆரம்பித்தாள்.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றான் கீத். "நீ தேயி."